பரமேஸ் அக்கா பொறுமைசாலி அல்ல

பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பாரோயில் கடை வரிசை ஓரம் வேனை நிறுத்தியிருந்தபோது செய்தி வந்தது. பரமேஸ்வரி அக்கா விடியற்காலை மாரடைப்பில் இறந்துவிட்டார். அழைத்துச் சொன்னவர் அவருடைய கணவர் முனியாண்டி அண்ணன். நான் போனைக் கீழே வைப்பதற்குள் எங்கள் தோட்டத்து வாட்சாப் குழுவில் ஒரு படம் வந்துவிட்டது. ரோஜாப் பூக்களுக்கு நடுவே அக்காவின் முகம். கீழே, "பொறுமையின் சிகரம், சாந்தமே உருவான தாய்." அனுப்பியவர் கட்சியின் வட்டாரத் தலைவருடைய உதவியாளர். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேரவில்லை.

அக்காவை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். அவர் பொறுமைசாலி என்று நம் பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தம்பின் நகரத்துப் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அவர் மருந்து அடிக்கும் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்தின் ஒரு கோடியில் நின்று கூப்பிட்டால் மறு கோடியில் நாய் எழுந்து நிற்கும். பிறகு கழுத்தில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்குக் குரலில் காற்றும் கரகரப்பும்தான் மிஞ்சின. மெதுவாகப் பேசுகிறார், சாந்தமாகிவிட்டார் என்றார்கள். அவர் சாந்தமாகவில்லை. அவர் திட்டுவது யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தோட்டம் கைமாறியது. லயத்தை இடித்துவிட்டு வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது, எல்லாரும் வெளியேற வேண்டும் என்றார்கள். மாற்று வீடு கேட்டு ஒரு குழு அமைத்தோம். நான் செயலாளர். முதல் கூட்டத்திலேயே அக்கா சொன்னார்: "இவனுங்க இன்னைக்கு ஒண்ணு சொல்வானுங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வானுங்க. பதிவு பண்ணணும்." போனை மட்டும் தூரத்தில் வைத்தால் மின்விசிறிச் சத்தம்தான் பதிவாகும் என்று, தம்பின் பாசார் கடைத்தெருவுக்குப் போய்ச் சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்கி வந்தார். "எல்லா போனுக்கும் ஓகே லா" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அந்த மைக்கோடு போன கூட்டத்தில் தோட்டத்து மேனேஜர் வாயாரப் பேசினார். கையில் சாவி கொடுக்காமல் ஒரு குடும்பத்தையும் கிளப்ப மாட்டோம் என்றார். நாங்கள் கைதட்டினோம். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், தகரக் கூரையின் மேல் மழையும் யாரோ இருமுவதும் மட்டும் இருந்தன. அடுத்த வாரம் மேனேஜர், "அப்படி நான் சொல்லவே இல்லையே" என்றார். வட்டாரத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். அவரும்தான் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

அன்று மாலை அக்கா வீட்டுச் சமையலறையில் நானும் அவரும் அந்த மைக்கோடு மல்லுக்கட்டினோம். பதிவை ஓடவிட்டு, மைக்கை நகத்தால் சுரண்டினோம். திரும்பக் கேட்டபோது சுரண்டும் சத்தம் எங்கோ தூரத்தில் இருந்தது. போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டினால் காதைப் பிளந்தது. மைக்கைச் செருகியிருந்தும் போன் தன் சொந்தக் காதால்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. முனியாண்டி அண்ணனின் பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீயை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதன் முனையில் மூன்று கறுப்புக் கோடுகள், மைக்கின் முனையில் இரண்டு. கேமராவுக்குச் செய்த மைக்கை நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். அக்கா உடனே செருப்பை மாட்டினார். அந்தக் கடைக்காரரை அவர் என்னவெல்லாம் கேட்டார் என்பதை இங்கே எழுத முடியாது. இரண்டு கோட்டை மூன்று கோடாக மாற்றும் சின்ன வயர் ஒன்றோடு திரும்பி வந்தார். செருகி, மறுபடி சுரண்டினோம். இந்த முறை அக்காவின் நகம் இடிபோலக் கேட்டது.

அடுத்த கூட்டத்தில் இன்னொரு சிக்கல். மைக்கின் வயர் ஒரு முழம், கூடிப்போனால் ஒன்றரை. மைக்கை மேனேஜரின் மேசையில் வைக்க வேண்டுமென்றால் போனோடு அக்காவும் மேசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் போனார். "பொம்பளைங்க பின்னால உக்காருங்க" என்றது நம் ஆட்களில் ஒருவர்தான். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிஷ்யூ பெட்டியின் விளிம்பில் மைக்கைக் கவ்வவிட்டார்.

வட்டாரத் தலைவர் சிரித்துக்கொண்டே, "அக்கா, அத எடுத்துட்டுப் பேசலாமே. எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்.

"போன தடவ நம்பிக்கையோடதான் வந்தேன்" என்றார் அக்கா.

பிறகு மேனேஜரைப் பார்த்து, அவர் மறுத்த அதே வாக்கைக் கேட்டார். மேனேஜர் சுற்றி வளைத்தார். அக்கா மறுபடி கேட்டார். அவர் மழுப்பினார். அக்கா மறுபடியும் கேட்டார். கடைசியில் மேனேஜர் எரிச்சலோடு, "சரி, சாவி கைக்கு வர்ற வரைக்கும் யாரையும் வெளியாக்க மாட்டோம், போதுமா?" என்றார். போதும் என்றார் அக்கா.

இரண்டு மாதம் கழித்து லயத்தின் தண்ணீரை வெட்டிவிட்டு, வெளியேறச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்கா போனை எடுத்துக்கொண்டு ஆப்பீசுக்குள் நுழைந்தார். நாங்கள் பின்னால் நின்றோம். மேனேஜரின் குரல் அவர் அறையிலேயே, கணக்கெழுதும் கிராணிகள் எல்லாரும் கேட்க, தெள்ளத் தெளிவாக ஒலித்தது. மாலையில் குழாயில் தண்ணீர் வந்தது. பிறகு வீடுகளும் வந்தன. "என் பொறுமையான பேச்சுவார்த்தையின் வெற்றி" என்று வட்டாரத் தலைவர் நாளிதழுக்குச் சொன்னார்.

சாவி கொடுக்கும் விழாவுக்கு மேடை, பந்தல், பெரிய ஒலிபெருக்கி. அக்கா சாவியை வாங்கிக்கொண்டு, பேச வேண்டும் என்று மைக்குக்குக் கை நீட்டினார். லயத்தில் ஐந்து குடும்பங்கள் விடுபட்டிருந்தன. குத்தகைக்காரனிடம் வேலை செய்தவர்கள், தோட்டத்துப் பதிவில் பெயர் இல்லாதவர்கள். அவர்களைப் பற்றித்தான் பேச இருந்தார். உதவியாளர் மைக்கை நகர்த்திக்கொண்டு, "நேரமில்ல அக்கா, சாப்பாடு ஆறிடும்" என்றார். மைக் இல்லாமலே அக்கா பேசிப் பார்த்தார். முதல் வரிசைக்கே கேட்கவில்லை. நன்றி சொல்கிறார் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

வேனில் ஏறியதும் டேஷ்போர்டில் ஓங்கி அடித்தார். "எனக்குத் தொண்டதான் போச்சு தம்பி. சூடு சொரண போகல."

அந்தப் புது வீட்டில் அவர் ஓராண்டுகூட வாழவில்லை. வாழ்ந்த நாளெல்லாம் அந்த ஐந்து குடும்பங்களுக்காக ஆப்பீஸ் ஆப்பீசாக ஏறி இறங்கினார்.

இறுதிச் சடங்கில் வட்டாரத் தலைவர் பேசினார். பொறுமை, சாந்தம், தாய்மை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற முனியாண்டி அண்ணன் என்னைப் பார்த்து, "யாரப் பத்திடா பேசறாரு?" என்றார். அக்காவின் ஆசைப்படி மிச்சமுள்ள ஐந்து குடும்பங்களுக்கும் கூடிய சீக்கிரம் வீடு வரும் என்று தலைவர் முடித்தார்.

"எப்போ?" என்று கேட்டேன்.

"தம்பி, இது அதுக்கான இடமில்ல."

"அக்கா இருந்தா இங்கயேதான் கேட்டிருப்பாங்க. எப்போ?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதவியாளர் என் தோளில் கை வைத்தார். நான் தட்டிவிட்டேன். நான் மரியாதை தெரியாதவன் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்திருப்பது அவருடைய சாந்தம் அல்ல. அப்படி ஒன்று அவரிடம் இருந்ததில்லை. எனக்கு வந்திருப்பவை லயத்தில் இன்னும் அடுப்பெரியும் ஐந்து வீடுகள்.