இரவல் கதிரைகள்

சிவனேஸ்வரி அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது எரிச்சல். கண்ணீரெல்லாம் அதற்குப் பிறகுதான். அவ்வளவு நல்ல மனுசி, அவ்வளவு வீண் மரியாதை. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அக்கா செட்டிகுளத்துச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக்கொடுத்தவர். உயர்தரப் பரீட்சையில் சொற்பப் புள்ளிகளால் பல்கலைக்கழகம் தவறியது. அந்தத் தவறல் அவரை விட்டுப் போகவே இல்லை. கல்யாணம் பேசி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வாக அலைந்துகொண்டே, வெளிவாரியாகப் படித்துப் பட்டம் எடுத்தார். பல்கலைக்கழக வாசலை மிதிக்காமல் வெளியே நின்று படித்து, அவர்கள் வைக்கும் பரீட்சையை மட்டும் போய் எழுதுகிற வழி அது. எழுதி, விழுந்து, திரும்ப எழுதித்தான் பாஸ் பண்ணினார். படிப்பிக்க ஆள் இல்லாததுதான் விழுந்ததற்குக் காரணம் என்பார்.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று பாதை திறந்தவுடன் சங்கக்கடை வேலையை விட்டார். ஊரே பைத்தியம் என்றது. தகப்பன் விட்டுப்போன வீட்டுக் காணியில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, ‘மருதம் உயர்கல்விக் கல்லூரி’ என்று பலகை தொங்கவிட்டார். பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு வெளிவாரிப் பட்டப் படிப்பு. நான் யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்து முடித்து, அரசாங்க வேலைக்காக வருசக்கணக்கில் வாய் பார்த்துக்கொண்டிருந்தவள். என்னைக் கூப்பிட்டுப் படிப்பிக்க விட்டார். சம்பளம் என்று ஒன்று இருந்தது. நெல்லு வெட்டி விற்ற பிறகு பிள்ளைகளின் வீடுகளில் இருந்து வரும், வராமலும் போகும். மழை பிழைத்தால் எங்களுக்கும் பிழைத்தது.

கொட்டகைக்குள் இருக்க நாலு நீட்டு மர வாங்கு கிடந்தன. முந்தி வந்தவர்கள் வாங்கில் இருப்பார்கள், பிந்தி வந்தவர்கள் யூரியாப் பையை மடித்துப் போட்டுக்கொண்டு நிலத்தில் இருப்பார்கள். மழை பெய்தால் தகரம் போடுகிற சத்தத்தில் நான் கத்துவது எனக்கே கேட்காது. அப்படி இருந்தும் முதல் வருசப் பரீட்சையில் எங்கள் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். அதில் முன்னுக்கு நின்றவள் றிஸ்னா.

றிஸ்னாவின் தகப்பன் மீராசாகிபு நானா கலியாண வீடுகளுக்குக் கதிரையும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவர். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தையெல்லாம் இயக்கம் முல்லைத்தீவை விட்டு அனுப்பியபோது றிஸ்னாவுக்கு ஆறு வயது. புத்தளத்து முகாமில் வளர்ந்து, படித்து, பாதை திறந்தபோது குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவள். முல்லைத்தீவுவரை போக நானாவுக்கு மனம் துணியவில்லை, செட்டிகுளத்தோடு நின்றுவிட்டார். மகளைப் படிக்க விட்டதற்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: நடந்து போய் நடந்து வருகிற தூரமாக இருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் இருந்தது எங்கள் கொட்டகை மட்டும்.

மூன்று வருசப் படிப்பு. இரண்டாம் வருசம் முடியும்போது கல்லூரி மூச்சு வாங்கத் தொடங்கியது. வவுனியாவில் இருந்து பஸ்ஸில் வந்து படிப்பித்த இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். அக்கா தன் காதில் கழுத்தில் இருந்ததையெல்லாம் கழற்றி விற்றுவிட்டார். எங்கிருந்தாவது உதவி வராவிட்டால் வருச முடிவில் பூட்டுவதைத் தவிர வழியில்லை என்று ஆனது. பூட்டினால் றிஸ்னாவும் அவளோடு படித்தவர்களும் கடைசி வருசத்தில் நடுவழியில் நிற்பார்கள். அக்காவுக்குச் சோறு இறங்காமல் போனது அதை நினைத்துத்தான்.

அந்த நேரத்தில் போரால் பாதிக்கப்பட்ட இடங்களில் கல்விக்கு உதவும் திட்டம் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனார். அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. களைத்துப் போன மனிதர். மேசை நிறையக் கோப்புகள். எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். தனியார் நிறுவனத்துக்கு அரசாங்கக் காசு கொடுக்க முடியாது, கொடுத்தால் நாளைக்குக் கடை நடத்துகிறவனெல்லாம் கல்லூரி என்று பலகை போட்டுக்கொண்டு வருவான், பிறகு இலவசக் கல்வி என்று ஒன்று இந்த நாட்டில் மிஞ்சாது என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன்.

அக்கா எழும்பவில்லை.

"சேர், இந்தா நிக்கிற தேனுகா யாழ்ப்பாணத்திலை படிச்சவள். படிப்பும் விடுதியும் மகாபொலப் புலமைப்பரிசில் காசும் அரசாங்கம் குடுத்தது. நல்லது. என்னட்டைப் படிக்கிற பிள்ளையள் இவளிலும் பாக்கக் கொஞ்சப் புள்ளிதான் குறைவு. அதுகளுக்கு ஒண்டும் இல்லை. பரீட்சை வைக்கிறது ஆர்? உங்கடை பல்கலைக்கழகம். பட்டம் குடுக்கிறது ஆர்? உங்கடை பல்கலைக்கழகம். நடுவிலை இருந்து படிப்பிக்கிற வேலையை மட்டும் நான் செய்யிறன். அதுகளின்ரை தேப்பன்மாரும் சீனிக்கும் மாவுக்கும் வரி கட்டித்தான் வாங்கினம். கடைக்காரன் வருவான் எண்டால் வந்து பாருங்கோ, சேர். பாத்து, கடை எண்டால் குடுக்காதையுங்கோ. பள்ளிக்கூடம் எண்டால் குடுங்கோ."

மனிதர் மேசைக் கலண்டரைப் பிரட்டினார். பிறகு, சரி, வந்து பார்க்கிறேன் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா பச்சைப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார். நானும் சிரித்தேன். பாதி வழி தாண்டிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மிச்சப் பாதியை அவரே கெடுத்தார்.

அதிகாரி வருகிற நாள் குறித்ததும் அக்கா வீடு வீடாகப் போகத் தொடங்கினார். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் பெரிய ஆள் ஒருவர் வருகிறார் என்றால் அயலட்டையில் இருக்கிற நல்ல சாமானெல்லாம் அந்த வீட்டுக்கு வந்துவிடும். ஒரு வீட்டுக் கதிரை, இன்னொரு வீட்டுத் தட்டம், மூன்றாம் வீட்டு விரிப்பு. வந்தவர் போனதும் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் இது சரி. உதவி கேட்கிற இடத்துக்கு இது சரியா? சொல்லிச் சொல்லி என் வாய்தான் நொந்தது. யூரியாப் பையில் இருக்கிற பிள்ளைகளை அந்தப் பையிலேயே இருத்திக் காட்டுவோம் அக்கா, அதைப் பார்க்கத்தானே அவர் வருகிறார் என்றேன்.

"விசர்க் கதை கதையாதை. வாற மனிசனை உரப்பையிலை இருத்துறதோ? பிச்சை எடுக்கவே கூப்பிட்டனாங்கள்?"

பிச்சை இல்லை, உரிமை என்று அவரே வவுனியாவில் ஒரு மணி நேரம் பேசினார். ஊருக்கு வந்ததும் அந்த உரிமையைக் கேட்கவும் வெட்கம், இல்லாமையைக் காட்டவும் வெட்கம்.

மீராசாகிபு நானா லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டி நிறையக் கதிரை கொண்டுவந்து இறக்கினார். வாடகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. மகளுக்கான காரியம் அல்லவா. கதிரைகளின் முதுகில் ‘மீ.சா.’ என்று சிவப்புப் பெயின்றில் எழுதியிருந்தது. அது தெரியக்கூடாது என்று கலியாண வீட்டு வெள்ளை உறைகளையும் போட்டுவிட்டார்கள். யூரியாப் பைகளும் வாங்குகளும் அக்காவின் குசினிக்குப் பின்னால் போயின. சனம் ரெலிபோன் கதைக்கப் போகிற கொமினிக்கேசன் கடையில் இருந்து இரண்டு கொம்பியூட்டர் வந்தது. அதில் ஒன்றின் பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். நானா வீட்டில் இருந்து கோழிக்கறியும் நெய்ச்சோறும் வந்தன. கொட்டகையா, மணவறையா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அதிகாரி வந்தார். சந்தனம், குங்குமம், இளநீர். றிஸ்னா படபடவென்று கணக்கியல் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். அவர் அவளை மனதாரப் பாராட்டினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. சாப்பிட இருந்தபோதுதான் அவர் கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுறன். நீங்கள் சொன்ன ஞாயம் சரி. ஆனால் இவ்வளவு வசதியோடை நடத்துறியள். என்னட்டை இருக்கிறது கொஞ்சக் காசு. சுனாமியிலை கடல் அடிச்சுப்போன பக்கம் பிள்ளையள் வெறும் நிலத்திலை இருந்து படிக்கினம். முதல் அவைக்குக் குடுக்க வேணும். நீங்களே எண்டாலும் அப்பிடித்தான் செய்வியள்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். ஒரு சொல் போதும். எங்கள் பிள்ளைகளும் வெறும் நிலத்தில்தான் இருக்கிறார்கள், இந்தக் கதிரையெல்லாம் இரவல் என்று ஒரு சொல். அந்த மனிதர் நல்லவர், சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்திருப்பார். நானா வாயைத் திறந்து மூடினார். கதிரை தன்னுடையது என்று அவர் சொன்னால் வீட்டுக்காரியை விருந்தாளிக்கு முன்னால் அவமானப்படுத்தியதாக ஆகிவிடும், அவருக்கு அது முடியாது. நான் தொடங்கினேன். "சேர், இந்தக் கதிரையள்..."

"தேனுகா, சேரின்ரை சோத்துக் கோப்பையைப் பார். இன்னும் கொஞ்சம் கறி போடு பிள்ளை" என்றார் அக்கா. அவருடைய முகத்தில் சிரிப்பு இருந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

நான் கறி போட்டேன். அவர் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டுப் போனார்.

பின்னேரம் லாண்ட்மாஸ்ரர் வந்து கதிரைகளை ஏற்றியது. பிள்ளைகள் உறைகளைக் கழற்றி மடித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்காவிடம் வாய்க்கு வந்தபடி கேட்டேன். உங்கள் மரியாதையை உப்புப் போட்டு ஊறவைத்துத் தின்னுங்கோ என்றுகூடச் சொன்னேன். அவர் குசினி வாசலில் இருந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்த ஆளுக்கு முன்னால் என் வீட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை, வாய் வரவில்லை என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் காலை யூரியாப் பைகள் திரும்பவும் உள்ளே வந்தன.

வருச முடிவில் பலகையைக் கழற்றினோம். றிஸ்னா வவுனியாவுக்குப் பஸ்ஸில் போய் மிச்சத்தைப் படிக்கிறேன் என்று தகப்பனிடம் கெஞ்சினாள். அக்காவும் போய்க் கேட்டார், நானும் கேட்டேன். நானா கொஞ்சம் இளகி வந்தார். அதற்குள் திரும்பவும் பாதையில் கிளைமோர்க் கண்ணிவெடி வெடிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு எந்தத் தகப்பன் விடுவான்? அவளுக்குக் கலியாணம் ஆனது. அதற்கும் அதே வெள்ளை உறை போட்ட கதிரைகள்தான்.

அக்கா இயக்கத்தின் பக்கம், ஸ்கந்தபுரத்தில் இருந்த தம்பியிடம் போனார். தம்பிக்குக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம். எனக்கு ஒருவழியாக அரசாங்க நியமனம் கிடைத்து வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். பாதை பூட்டப்பட்ட பிறகு அக்காவைப் பற்றி ஒரு கதையும் இல்லை. உயிரோடு இருக்கிறாரோ என்றே தெரியாமல் இருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டையெல்லாம் முடிந்த பிறகு, தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளத்து முகாமில் அக்காவைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவருடைய சொந்த ஊருக்கே, கம்பிக்குள் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். போனேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், இரண்டு பக்கமும் பெயர் சொல்லிக் கத்துகிற சனம். அக்கா பாதியாகிப் போயிருந்தார். தம்பியைப் பற்றிக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு, இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய், ஒரு தேத்தண்ணி தர வழியில்லையே என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

என்ன வேண்டும் அக்கா, சொல்லுங்கோ, அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்றேன். ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

"கொப்பி வேணும். பேனை வேணும். இஞ்சை உயர்தரம் எழுதப் போற பிள்ளையள் கொஞ்சம் இருக்குதுகள், கூடாரத்துக்கை வைச்சுச் சொல்லிக்குடுக்கிறன். பாக்க வாற பெரியாக்களிட்டை எல்லாம் கேக்கிறன், தேனுகா. இருக்கப் பாய் இல்லை, எழுத ஒண்டும் இல்லை, தின்னவும் காணாது எண்டு சொல்லுறன். இப்ப எனக்கு வாய் கூசுறேல்லை."

தருகிறார்களா என்று கேட்டேன். பாய் தந்தவை என்றார். கேட்ட அடுத்த நாளே தந்தார்களாம். சொல்லிவிட்டுக் கம்பிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்.

"றிஸ்னா கடைசி வருசம் எழுதி முடிச்சவளோ?"

எனக்குப் பொய் சொல்ல நினைப்பு வந்தது, வாய்தான் வரவில்லை. இல்லை அக்கா, தகப்பனோடு கதிரை வாடகைக்கு விடுகிற கணக்கைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்றேன்.

"அண்டைக்கு ஒரு சொல்லுத்தானே பிள்ளை" என்றார் அக்கா.

ஓம் அக்கா என்றேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று ஆமிக்காரன் விசில் அடித்தான். எனக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவர் என்னை இடித்துத் தள்ளிவிட்டு என் இடத்தில் வந்து நின்றார்.