வெள்ளப் பயிற்சியில் எங்கள் தெருவைப் போட்டுக்கொடுத்தேன்

முதலில் ஒரு மன்னிப்பு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எனக்கு ‘ர’வா ‘ற’வா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. பத்திரிகை ஆபீசில் இதை டைப் செய்யும் தங்கைதான் திருத்திக் காப்பாற்றுகிறார். இந்த வாரம் கையெழுத்தும் கோழி கிளறியது போல இருக்கும். காரணம் இருக்கிறது. இது பத்தி இல்லை... ஒப்புதல் வாக்குமூலம்!

போன ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையம் டீக்கடையில் பக்கத்து வீட்டுப் பழனியண்ணன் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்.

“அன்னைக்குத் தெருவுக்கே கரண்ட்ட நிறுத்தச் சொன்னவன் மட்டும் என்ற கையில கெடச்சான்னு வெய்யி... தறியில கட்டிப் பாவு நூலோட சேத்து ஓட்டிப்போடுவேன்!”

நானும் “ஆமாங்ணா” என்றேன். எனக்கும் சேர்த்து டீ சொன்னவர் அவர்தான்.

விஷயம் ஆனி மாதத்தில் தொடங்கியது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஹாலில் அதிகாரிகளுக்குப் பயிற்சி. கரையோரத்தில் குடியிருப்பவர் ஒருவரும் வேண்டும் என்றார்களாம். எங்கள் ஆர்.ஐ. — வருவாய் ஆய்வாளர் — என்னைப் பிடித்துவிட்டார்.

“நீங்கதான் பத்திரிகையில வாரா வாரம் பேசறீங்களே!”

எழுதுகிறவன் பேசுவான் என்று யார் சொன்னது? பேச வராததால்தானே எழுதுகிறேன்?

‘வெள்ள அபாயத் தணிப்பும் வெள்ளச் சமவெளி மேலாண்மையும்’ என்று மேடையில் பேனர். அதை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் முதல் டீ வந்துவிட்டது.

பயிற்சி கொடுத்தவர் சென்னையிலிருந்து வந்த ஒரு பொறியாளர் அம்மா. திரையில் காவிரியை நீலமாகக் காட்டினார். இரண்டு பக்கமும் மஞ்சள். “மஞ்சள் எல்லாம் ஆறு கொஞ்ச நாளைக்கு உங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிற இடம். எப்பவாவது திரும்பக் கேட்கும்” என்றார்.

எங்கள் தெரு முழுக்க மஞ்சள். நன்றாக மங்களகரமாகத்தான் இருந்தது!

அங்கே வீடு கட்ட விடக் கூடாது, கட்டிய வீட்டுக்கு மேடை உயர்த்த வேண்டும், ஓடையை அடைக்கக் கூடாது... எல்லாம் சொன்னார். கடைசியில் கேட்டார் — “எச்சரிக்கை கொடுத்தும் கிளம்பாத தெரு ஏதாவது இருக்கா?”

எங்கள் ஆர்.ஐ. எழுந்தார். “இருக்குங்க மேடம். கும்பிட்டுப் பாத்தாச்சு, திட்டிப் பாத்தாச்சு. போன தடவை முழங்கால் தண்ணியில நின்னுட்டு, ‘இதா வாரமுங்க’ன்னே சொல்றாங்க. கடைசி ஆள நான் தூக்கிட்டு வந்தேன்!”

அந்தக் கடைசி ஆள் பழனியண்ணன்.

விழிப்புணர்வு இல்லை என்றார் ஒருவர். திருட்டு பயம் என்றார் இன்னொருவர். அறியாமை என்றார் மூன்றாமவர். எனக்கு உள்ளே பொங்கியது. பேனரை மறுபடியும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அறியாமையா? படித்துறையில் எத்தனை படி மூழ்கினால் எந்த வீட்டுச் சமையலறையில் ஈரம் வரும் என்று எங்களுக்குத் தெரியும். காரணம் வேறு. விசைத்தறி! வீட்டுக்கு வீடு ஓடுகிறது. பக்கத்து வீட்டுத் தறி ஓடும் சத்தம் கேட்கிற வரைக்கும் எங்கள் தெருவில் யாரும் தன் தறியை நிறுத்த மாட்டார்கள். ‘அவனே ஓட்டறான், நமக்கென்ன?’ என்று நான் பழனியண்ணன் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவேன். அவர் என் தறியைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவார். இதில் முதலில் நிறுத்துகிறவன் பயந்தாங்கொள்ளி. தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகும் உள்ளே மோட்டாரில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்... ஒரு கம்பி நனைந்தால் போதும்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் அந்த அம்மா எனக்குப் பின்னால் நின்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“எங்களக் கெஞ்சாதீங்கம்மா. தெருவுக்கே ஒரே நேரத்துல கரண்ட்ட நிறுத்திப்போடுங்க. தானாக் கெளம்புவோம். மோட்டாரக் கழட்ட மட்டும் நேரம் வுடுங்க... என்ற பேரச் சொல்லிப்போடாதீங்க.”

அவர் பெயரைச் சொல்லவில்லை. “உங்களில் ஒருவர் அருமையான யோசனை சொன்னார்” என்று மேடையில் ஆரம்பித்தார். ஹாலில் அதிகாரி அல்லாதவன் நான் ஒருவன். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது!

ஆடியில் மேட்டூர் நிரம்பித் தண்ணீர் திறந்தார்கள். மதியம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். யார் கேட்டார்கள்? தெரு முழுக்கத் தறிச் சத்தம். என் தறியும்தான்.

இரண்டு மணிக்கு எல்லாத் தறியும் ஒரே நொடியில் நின்றன. அந்த அமைதியில் ஆறு இரைவது கேட்டது. எவ்வளவு கிட்டத்தில்!

பழனியண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். “எவன்டா கரண்ட்டப் புடுங்குனது? இன்னும் நாலு மீட்டர் துணிதான்டா பாக்கி!”

நானும் கத்தினேன். அவரைவிடச் சத்தமாக. விஷயம் தெரிந்த என் மனைவி சாந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கரண்ட் இல்லாத தறியைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? திட்டிக்கொண்டே மோட்டாரைக் கழற்றினோம். திட்டிக்கொண்டே கல்யாண மண்டபத்துக்குப் போனோம். இருட்டுவதற்குள் தண்ணீர் வந்தது. பழனியண்ணன் வீட்டுத் தறிக்கூடத்தில் இடுப்பளவு. எங்கள் தெருவில் ஓர் உயிருக்கும் சேதம் இல்லை.

மண்டபத்தில் தன் தட்டிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து என் தட்டில் வைத்தபடி, அப்போதும் பழனியண்ணன் அந்த ‘எவனோ’ ஒருவனைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

“ஏனுங்க, சொல்லிப்போடுங்க” என்றாள் சாந்தி. தினமும் சொல்கிறாள். தினமும் அவர் வீட்டு வாசல் வரை போகிறேன். “என்ன ராசு?” என்கிறார். “சும்மாதானுங்ணா” என்று திரும்பிவிடுகிறேன்.

முன்பின் தெரியாத அம்மாவிடம் சொல்ல முடிந்ததைப் பக்கத்து வீட்டு ஆளிடம் சொல்ல முடியவில்லை. பிரியமானவரிடம் பேசும்போதுதான் பயமே வருகிறது, இல்லையா?

நல்லவேளை, அவர் இந்தப் பக்கத்தை ஒரு வாரமும் விடாமல் படிக்கிறவர். பழனியண்ணா... அது நான்தானுங்ணா. திட்ட வேண்டுமானால் வீட்டுக்கே வந்து திட்டுங்கள். நீங்கள் திட்டுவதற்கு இருக்கிறீர்களே, எனக்கு அது போதும்.

ஆவணி 9, திங்கட்கிழமை.