லொறிக்குப் போட்ட செவ்வந்தி மாலை

ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஆயுத பூசை நாளில் நடந்தது இது. அப்போது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். என் கணவர் தோட்டத்து லொறி டிரைவர். எனக்குத் தலைப்பிரசவம், நிறைமாதம்.

அவருக்கு அந்த லொறிதான் மூத்த தாரம் என்று, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கேலி செய்வார்கள். பூசைக்கு முதல் நாள் முழுக்க அதோடுதான் கிடந்தார். எஞ்சினில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். ரேடியேட்டரின் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, புளி கரைத்து ஊற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி திறந்தார். செங்கல் நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டியது. பிறகு மலையிலிருந்து குழாய் வழி விழும் பீலித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி, தெளிவாக வரும்வரை கழுவினார். வீட்டில் ரசத்துக்குக்கூடப் புளி மிஞ்சவில்லை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

பூசையன்று லொறியின் முன்பக்கமே தெரியாதபடி செவ்வந்தி மாலைகளை அடுக்கடுக்காகக் கட்டித் தேங்காய் உடைத்தார்கள். பூசை போட்ட வண்டியை மறுநாள்வரை எடுக்கக் கூடாது, மாலையையும் கழற்றக் கூடாது என்பது எங்கள் தோட்டத்து வழக்கம்.

மத்தியானம் எனக்கு வலி கண்டது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. என் கணவரைக் கூப்பிட்டார். "புள்ள தல திரும்பலப்பா. இங்க வச்சிருந்தா ரெண்டு உசுரும் தங்காது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார்.

வேறு வழியில்லாமல் கணவர் லொறியை எடுத்தார். மாலையைத் தொட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. நானும், "இருக்கட்டுங்க, தொணையா வரும்" என்றேன். மருத்துவச்சி என்னைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

பாதி வழியில், ஓர் ஏற்றத்தில், ரேடியேட்டர் கொதித்து ஆவி சீறியது. அங்கிருந்த தேத்தண்ணிக் கடை முன்னால் நிறுத்தினார். "நேத்துத்தானே கழுவுனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். சூடு ஆறும்வரை நிற்க எனக்கு நேரமில்லை. கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலோ, அது வெடித்துவிடும்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம். அவர்களை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். வெளியே வந்து என்னையும் லொறியையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, மூக்கு முழுக்கப் பூவ அடச்சிட்டு மல ஏறச் சொன்னா எப்பிடி ஏறும்? காத்துப் போக எடமில்லையே. மாலையக் கழட்டுங்க. சாமி மாலை, நான் தொடக் கூடாது."

கணவரின் கை மாலைவரை போய்த் திரும்பியது. "இன்னைக்குப் போயி எப்பிடிக் கழட்டுறது, நானா? புள்ளைக்கு ஏதும் ஆயிட்டா?" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

அடுத்த வலி வருவதற்குள் மருத்துவச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மாலைகளைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். நார் அறவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன். "தண்டனைன்னா எனக்குக் குடு சாமி, புள்ளைய விட்டுரு" என்று வாய்விட்டே சொன்னேன்.

"கீழ போட்டுறாதீங்க தங்கச்சி" என்றார் கடைக்காரர். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உதறி, இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்தார். மாலைகளை அதில் வைத்தேன். அலுங்காமல் கொண்டுபோய்க் கடைக்குள் உயரமான தட்டில் வைத்துவிட்டு வந்தார். பிறகு தேத்தண்ணிக்குக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர் முழுவதையும் வாளியில் பிடித்து, எஞ்சின் ஓட ஓட, கணவரோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அப்போது வந்த பஸ்ஸிலிருந்து இறங்கிக் குளிரில் நின்றவர்களிடம், "தேத்தண்ணி பொறகு குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

பொழுது சாயும்போது ஆஸ்பத்திரியில் எனக்கு மகள் பிறந்தாள். அவள் அழுத பிறகும் எனக்குப் பயம் தெளியவில்லை. கை கால்களைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். பிள்ளையோடு வீடு திரும்பும்போது அந்தக் கடையில் நிறுத்தினோம். நான் கேட்பதற்கு முன்பே கடைக்காரர் சொன்னார்: "பூவ ஆத்துல விட்டுட்டேன் தங்கச்சி, யார் காலும் படாத எடமாப் பாத்து."

என் மகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். வேறு சாமியைக் கும்பிடுகிறவர்களைப் பற்றி யாராவது என் முன்னால் இளக்காரமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. நான் பயந்துகொண்டே அறுத்த என் சாமியின் மாலையை, தரையில் விழவிடாமல் ஏந்திக்கொண்டவர் அந்தக் கடைக்காரர்தான்.