நிலவறையில் கிடந்த நஸீரா

கல்முனையில் கணினி வகுப்புக்குப் போன காலத்தில், ஓய்வு கிடைத்தால் பழைய நிலவறை விளையாட்டு ஒன்றை விளையாடுவேன். அதில் செத்த வீரர்கள் கீழேயே கிடப்பார்கள். வேறொரு குழு இறங்கித்தான் தூக்கிவர வேண்டும். என் வாள்வீராங்கனைக்கு நஸீரா என்று பெயர் வைத்திருந்தேன். சுனாமி கொண்டுபோன என் ராத்தாவின், மூத்த சகோதரியின், பெயர் அது. வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும். அடக்கம் செய்ய அவளுடைய மையத்துகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

விளையாட்டிலும் நஸீரா செத்து விழுந்தாள். மறுநாள் பார்த்தால், நான் சேமித்து வைத்த ஆட்டத்தில் யாரோ புதிய குழு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். வகுப்பில் அந்தக் கணினியில் உட்காருபவர்களை ஒவ்வொருவராகக் கழித்தேன். மிஞ்சியவள் பாண்டிருப்பிலிருந்து வரும் தமிழ்ப் பெண் சுகந்தி. முஸ்லிம்களும் தமிழர்களும் ஒருவரையொருவர் சந்தேகிக்க யுத்தம் எங்களைப் பழக்கியிருந்தது. நஸீராவை அழிக்கப் பார்க்கிறாள் என்றே முடிவுகட்டினேன்.

“என்ட கேம்ல கை வெச்சது நீதானே?”

“ஓம். கத்தாமப் பாரு.”

திரையில் அவளுடைய குழு மேலே வந்து நின்றது. கடைசியில் நஸீராவின் உடல்.

“எத்தின தரம் செத்தனெண்டு தெரியா புள்ள,” என்றாள். “எங்கட அப்பாவையும் கடல் தரல்ல. உன்ட ராத்தாட பேர அங்க விட மனம் வரல்ல.”

உயிர்ப்பிக்கவா என்று திரை கேட்டது. அந்த முயற்சி தவறினால் நஸீரா சாம்பலாகிவிடுவாள். வேண்டாம் என்று அழுத்தினேன். அவள் மேலே வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

இன்றும் நான் லேசில் எவரையும் நம்புவதில்லை. ஆனால் சுகந்தி என் கணினியில் இருந்தால், என்ன செய்கிறாள் என்று எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை.