வீடு கிடைத்த குடும்பம்

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அப்போது எங்கள் பக்கத்துத் தெருக்களைச் சேர்ந்த பெண்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்துகொண்டிருந்தோம். அதற்கு நாங்கள் பெயர்கூட வைக்கவில்லை. எந்த ஏழைக் குடும்பத்தையாவது வீட்டுக்காரர் வெளியேற்றப் போகிறார் என்று காதில் விழுந்தால் அங்கே போய் நிற்போம். வீட்டுக்காரரிடம் பேசுவோம். அவர் பிடிவாதமாக இருந்தால், உத்தரவு இல்லாமல் யாரையும் தெருவில் தள்ள முடியாது என்று சட்டத்தைச் சொல்வோம். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதி, தாலுகா ஆபீசுக்குத் துணைக்குப் போவோம். எதுவும் நடக்காவிட்டால் வேறு இடம் தேடிக் கொடுப்போம்.

இதை ஆரம்பித்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியை. ஊரில் எல்லாருக்கும் அவர் பெரிய டீச்சர். ஒரு ஐப்பசி மழையில், பிறந்து பத்து நாளான குழந்தையோடு ஒருத்தி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பாத்திரம் பண்டங்களுடன் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலமே வீடு வீடாக வந்து எங்களைக் கூப்பிட்டார். எங்களில் ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ். இன்னொருத்தி எண்ணெய்க் கடை பாயின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக் கூடத்தில்தான் கூடுவோம். வருகிற குடும்பங்களைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் வேலை.

அப்படி வந்தவள்தான் அந்த ரைஸ்மில்காரி. மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைக்கிற வேலை அவளுக்கு. முப்பது வயதிருக்கும். இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் என் மூன்றாம் வகுப்பில் படித்தாள். புருஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். அவன் பம்பாய்க்கு வேலைக்குப் போயிருப்பதாக அவள் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். உண்மையில் அவன் ஊருக்கு வெளியே இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷமாக இருந்தான். உடம்பில் உணர்ச்சியில்லாத படைகளைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமல் தானாகவே போய் அங்கே சேர்ந்துகொண்டவன். மில்லில் கூட வேலை செய்கிற ஒருத்தி இவளை அந்த ஆஸ்பத்திரி வாசலில் பார்த்துவிட்டாள். மறுநாளே விஷயம் வீட்டுக்காரருக்குப் போய்விட்டது.

வரிசையாக ஐந்து அறைகள், நடுவில் ஒரு கிணறு, முன்பக்கம் வீட்டுக்காரரின் இட்லிக் கடை. மூன்று நாளில் காலி செய்யச் சொல்லியிருந்தார். நாங்கள் நால்வர் போனோம். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"நா இன்னாம்மா பண்றது? விசயம் தெரிஞ்சா என் கடைல நாஸ்தா துண்ண ஒருத்தன் வருவானா?"

நர்ஸ் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பெண்டாட்டி பிள்ளைகளைப் பரிசோதித்தாகிவிட்டது, அவர்களுக்கு ஒன்றுமில்லை என்றாள். அவள் சொன்னதையே நான் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு எல்லாம் தெரிந்தவள் மாதிரி விளக்கினேன். கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார். "அவன் ஆஸ்பத்திரில கீற வரைக்கும் இவுங்க இருக்கட்டும்" என்றார். திரும்பி வரும்போது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

நாலைந்து மாதத்தில் அவனுக்குக் குணமாகிவிட்டது. இனி இவனால் யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு, வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் இட்லிக் கடைக்குப் போனோம். வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"இந்தக் காயிதத்த நெத்தியிலயா ஒட்டிக்கினு திரிவான்? மத்த நாலு வூட்டுக்காரனும் காலி பண்றேன்றான். இது பெரிய பேஜாரும்மா எனுக்கு."

மனு போடலாம், ஜெயித்துவிடலாம் என்றார் பெரிய டீச்சர். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையாட்டினாள். "சட்டத்த வச்சிகினு வூட்டுக்குள்ள குந்திக்கலாம்மா. கெணத்துல தண்ணி சேந்த வுடுவாங்களா?" என்று கேட்டாள்.

மூன்று வாரம் வீடு தேடினோம். அதுவரை அவள் குழந்தைகளோடு பழைய அறையிலேயே இருக்க அனுமதி கிடைத்தது. அவன் கொளவாய் ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் இருந்தான். மில் விட்டதும் அவள் தூக்கில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பாள். நாங்கள் போன இடமெல்லாம் முதலில் சரி என்றார்கள். விஷயத்தை மறைக்கக் கூடாது என்பது பெரிய டீச்சரின் பிடிவாதம். அதைச் சொன்னதும் கதவு சாத்திக்கொண்டது.

மூன்றாவது ஞாயிறு, தெரிந்த வீடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தோம். பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பி, "வேற எங்கேயாவது இடம் இருக்கா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுப் பின்கட்டு காலியாக இருந்தது. இரண்டு அறை, சந்துப் பக்கம் தனி வாசல். என் மைத்துனருக்குத் திருச்சிக்கு மாற்றலானதிலிருந்து பூட்டிக் கிடந்தது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அது தெரியும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசாரிச்சுப் பாக்கறேன்" என்றேன்.

நான் யாரையும் விசாரிக்கவில்லை. மாமியார் சம்மதிக்கமாட்டார் என்று பிற்பாடு பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவரிடம் நான் கேட்கவே இல்லை என்பதுதான் நிஜம். என் கணவரிடமும் வாய் திறக்கவில்லை. என் பிள்ளை அப்போது வீடெல்லாம் தவழ்ந்துகொண்டிருந்தான். சந்துப் பக்க வாசற்படி வரைக்கும் போவான். அது ஒன்றுதான் என் மனதில் நின்றது. தொற்றாது என்று நாலு பேருக்கு எடுத்துச் சொன்ன அதே வாய்தான் இது.

அதற்கு மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். களத்திலிருந்து நேராக வந்திருந்தாள். காலெல்லாம் தவிடு.

"அவரு பூட்டாரும்மா" என்றாள்.

"எங்கே போயிட்டார்?"

"தெர்ல. இனிமே வர்ல, எங்கன்னா போறேன்னு சொல்லிட்டுப் பூட்டாரு." அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இப்ப நாங்க மூணு பேருதாம்மா. இப்ப வூடு கெடைக்குமா?"

அந்த வாரமே கிடைத்துவிட்டது. எண்ணெய்க் கடைக்காரம்மா தன் வீட்டுக் கொல்லையில், டின் அடுக்குகிற அறைக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து கொடுத்தாள். கடை விஷயமாயிற்றே என்று பாய் கொஞ்சம் யோசித்தாராம். புருஷன் போய்விட்டான் என்றதும் சரி என்றிருக்கிறார். நோட்டில் அந்தக் குடும்பத்துக்கு எதிரே 'வீடு கிடைத்தது' என்று எழுதினேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். பள்ளிக் குழந்தைகளை பஸ்ஸில் மகாபலிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கோயிலைப் பார்த்துவிட்டு மணலில் உட்காரவைத்துக் கட்டுச்சோறு கொடுத்தோம். குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. சற்றுத் தள்ளி ஒரு சவுக்குத் தோப்பு தெரிந்தது. அங்கே கிணறு இருக்கும் என்று குடத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன். புதிதாக நட்ட கன்றுகளுக்கு ஓர் ஆள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். காலில் டயர் செருப்பை வாரால் இறுக்கிக் கட்டியிருந்தான். என்னைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றான்.

"டீச்சரம்மா, என்னத் தெர்லியா?"

முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. குரலைக் கேட்டுத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. தோப்பு மெட்ராஸ்காரர் ஒருவருடையது என்றான். அவருக்கு இவன் விஷயம் தெரியுமாம். தோப்பைவிட்டு வெளியே சுற்றாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டாராம். பேசும்போது என்னைப் பார்க்காமல், என் தோளுக்கு மேலே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பச்சப் பாவாட கட்டிகினு கீதே, அது பெரியவதான?"

திரும்பிப் பார்த்தேன். அவள்தான். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து, அலை வரும்போதெல்லாம் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

"கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேணாம்மா. நா மறுபடி பம்பாய்க்குப் பூட்டேன்னு அது நெனச்சிகினு கீது." கொஞ்ச நேரம் பார்த்தான். "வளந்துட்டா" என்றான். "வாய்ப்பாடெல்லாம் சொல்றாளா?"

"பதினாறு வரைக்கும் சொல்றா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, "என்னப் பாத்தத யாருகிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. அப்றம் அவுங்களுக்கு வூடு பூடும்" என்றான். எனக்குத் தண்ணீர் சேந்தித் தரக் கிணற்றங்கரைக்கு வந்தவன், என்ன நினைத்தானோ, கயிற்றைத் தொடாமல் ஒதுங்கிக்கொண்டான். நானே சேந்திக்கொண்டு திரும்பினேன். பஸ் புறப்படும்வரை அவன் மரங்களுக்கு நடுவில் நின்றபடியே இருந்தான்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டிருந்தாலும் அவளிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் மில்லுக்குப் போனேன். களத்து ஓரத்தில் நின்று, மகாபலிபுரத்தில் யாரைப் பார்த்தேன் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"அம்மாசிக்கு அம்மாசி நா போய்கினுதாம்மா கீறேன்" என்றாள்.

திருக்கழுக்குன்றம் கோயிலுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாளாம். அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய், அவனுக்குச் சோறாக்கிப் போட்டு, காலில் புண் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக் கழுவிக் கட்டிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாளாம்.

"அப்போ அவர் உங்களை விட்டுட்டுப் போகலையா?"

"அவரா எங்கம்மா போனாரு? ஏரிக்கரைல வச்சி நாந்தான் சொன்னேன். நீ இல்லன்னா எங்களுக்கு வூடு குடுப்பாங்கன்னு." காலால் நெல்லை ஒரு நீளக்கோடாக இழுத்தாள். "சரின்னாரு. ரெண்டாவது வாட்டி கேக்கவே இல்லம்மா. ரெண்டாவது வாட்டி கேட்டிருந்தாருன்னா நா வேணாம்னிருப்பேன்."

எங்கள் பின்கட்டு அப்போது காலியாகத்தான் இருந்தது, நான்தான் சொல்லவில்லை என்று எப்படியோ சொல்லிவிட்டேன். "தெரியும்மா. உமி மூட்ட கொண்டாந்து போட அந்த சந்துல வருவேன்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் பின்கட்டுக்கு ஒரு குமாஸ்தா குடும்பம் குடி வந்துவிட்டது. நான் பரிகாரம் என்று ஏதாவது செய்ய நினைத்திருந்தாலும் அதற்கு வழியில்லை.

அடுத்த கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் நான் மட்டும்தான் இருந்தேன். நெற்றியில் எப்போதும்போல் குங்குமம்.

அவன் இறந்து நாலு நாள் ஆகியிருந்தது. செருப்பு அறுந்த அன்று காலில் உடைந்த கிளிஞ்சலோ முள்ளோ குத்தியிருக்கிறது. உணர்ச்சி இல்லாத கால், அவனுக்குத் தெரியவில்லை. அமாவாசைக்கு அவள் போனபோது முழங்கால்வரை வீங்கி, ஜுரத்தில் பிதற்றிக்கொண்டிருந்தானாம். பக்கத்துத் தோப்புக்காரரின் மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறாள். திருக்கழுக்குன்றம் தாண்டவில்லை. வண்டிக்காரனும் இன்னும் இரண்டு பேரும் உதவி செய்ய, அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறாள். மறுநாள் காலை மில் வேலைக்குப் போய்விட்டாளாம்.

"இத அழிச்சன்னா எதுக்குன்னு கேப்பாங்கம்மா" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "எங்க செத்தான், இன்னாத்துல செத்தான்னு கேப்பாங்க. சொம்மா உடமாட்டாங்க. பசங்களுக்கு நெழல் வோணுமே."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த வூட்ல அழ முடில. மில்லுல முடில. கொஞ்ச நேரம் இங்க குந்திக்கினு போறேம்மா."

கதவைச் சாத்தினேன். குழந்தைகள் உட்காரும் பலகையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே வரவில்லை, உடம்புதான் குலுங்கியது. நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். மணி அடித்ததும் எழுந்து, பானைத் தண்ணீரில் முகத்தைக் கழுவினாள். குங்குமம் கலைந்துவிட்டது. பையிலிருந்த சிமிழைத் திறந்து, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று மறுபடியும் இட்டுக்கொண்டு போனாள்.

அந்த அறையில் அவர்கள் பல வருஷம் இருந்தார்கள். இரண்டு பெண்களுக்கும் அங்கிருந்தே கல்யாணமானது. அதன் பிறகுதான் அவர்களிடம் உண்மையைச் சொன்னாளாம். பெரியவள் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் குழுவும் பெரிய டீச்சர் நடமாட முடிந்தவரைக்கும் நடந்தது. எத்தனையோ குடும்பங்களைத் தெருவுக்குப் போகாமல் நிறுத்தினோம். அது பொய்யில்லை.

ரொம்பக் காலம் கழித்து, எண்ணெய்க் கடைக்காரம்மா படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போனேன். பழைய பேச்சு வந்தது. இனி மறைக்க வேண்டியதில்லை என்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"அவ புருஷனையும் சேத்து வச்சுக்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை நீங்க யாரும் கேக்கலையேம்மா" என்றாள்.

"கேட்டிருந்தா?"

"அது தெரியலையே" என்றாள். "என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல."

அவள் மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள். நான் அவளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, டீயை ஆற்றிக் கொடுத்தேன்.