காளியாத்தாவைக் கவிழ்த்து வைக்காத செங்கோடன்

திரையில் யானைப் படம் மங்கினால் என் தாய்மாமன் செங்கோடன் முதலில் விளக்கைப் பார்க்க மாட்டார். கூட்டத்தைப் பார்ப்பார். முன்னால் உட்கார்ந்து எவனாவது சுருட்டுப் பிடிக்கிறானா என்று தேடுவார். பிடித்தால், "ஏனுங்க, யானைக்குப் புகை ஆகாதுங்க, கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக் குடிங்க" என்பார். சுருட்டு இல்லையென்றால்தான் விளக்கு வைத்த படப்பெட்டியைத் திறப்பார். திரியின் இரண்டு முனையும் கொம்பு மாதிரி எரிந்தால் கத்தரியால் ஓரத்தைச் சீவுவார். சிமினியில் கரி பிடித்திருந்தால் சாம்பல் தொட்டுத் துடைப்பார். படத்தின் ஒரு பாதி மட்டும் இருண்டிருந்தால் விளக்கு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தலை பெருத்துக் கால் சிறுத்து விழுந்தால் பெட்டி அண்ணாந்திருக்கிறது, பின்பக்கம் ஒரு கல் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் படம் தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரிந்தால் முன்னாலிருக்கும் பித்தளைக் குழலை முன்னும் பின்னும் இழுப்பார். யானையின் கண் தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துவார்.

படப்பெட்டி அவருடையது அல்ல. காய்ச்சல் இன்ஸ்பெக்டர் பழனிமுத்துவுடையது. அவர் அடிவாரத்து ஆள். வருஷம் ஒரு தரம் மலையேறி வந்து, கொசு கடித்தால் குளிர்காய்ச்சல் வரும், கொயினா மாத்திரை தின்றால் போகும் என்று நாடு நாடாகப் படம் காட்டிச் சொல்லுவார். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. மாமா மிளகு மூட்டை சுமந்து இறங்கிக்கொண்டிருந்தவர். ஒரு வருஷம் இறங்கும்போது மிளகு, ஏறும்போது இந்தப் பெட்டி என்று கூலிக்கு ஒப்புக்கொண்டார். மற்ற சுமைக்காரர்கள் உள்ளே பேய் அடைத்திருக்கிறது என்று தொட மறுத்தார்கள். மாமா பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தமே இல்லீங்க. பேயா இருந்தாலும் நல்ல பேயுங்க" என்று தூக்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர்தான் அதைச் சுமக்கிறவர், துடைக்கிறவர், ஓட்டுகிறவர்.

எங்கள் மலையில் பெட்டிக்கு வரும் பெரிய நோய் பனி. கண்ணாடியில் எழுதிய படங்கள் சில்லிட்டுக் கிடக்கும். விளக்குச் சூட்டுக்கு முன்னால் வைத்ததும் வேர்த்துவிடும். திரையில் ரயிலும் இருக்காது, யானையும் இருக்காது, வெறும் மேகம்தான். அதற்கு மாமா கண்டுபிடித்த வைத்தியம், ஆட்டத்துக்கு முன்பே கண்ணாடிகளைத் துணியில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு கம்பளியைப் போர்த்திக்கொள்வது. அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் எட்டு மாசம் என்று சொல்லலாம். நானும் சொன்னேன். "மாமா, யானைக் குட்டியா, ரயில் குட்டியா?" என்று கேட்டேன். அவர் அடிக்கக் குனிய முடியாது, கண்ணாடி உடைந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியில் படத்தைத் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராக விழும். குழலுக்குள் போகும்போது வெளிச்சம் ஒரு குட்டிக்கரணம் போடுகிறது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். மாமாவுக்கு அது பழகிவிட்டது. யானையைக் கவிழ்ப்பார். ரயிலைக் கவிழ்ப்பார். இங்கிலீஷ் சக்கரவர்த்தி படத்தைத் தலைகீழாகச் செருகுவதில்கூட அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது.

இந்த வருஷம் இன்ஸ்பெக்டர் ஒரு புதுப் படம் எழுதி வாங்கி வந்தார். கொசுவைப் பார்க்கக் கூட்டம் வருவதில்லை, சாமியைப் பார்க்க வரும் என்பது அவர் கணக்கு. சிங்கத்தின் மேல் காளியாத்தா. சிவப்புச் சேலை, நீட்டிய நாக்கு. மாமா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பனிக்கு வயிற்றில் கட்டவில்லை. "அரைக்குக் கீழ கோவணம் இருக்குது, அங்க போயி ஆத்தாவ வெக்கறதா" என்று தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர்க் களத்தில்தான் முதல் ஆட்டம். இருட்டத் தொடங்கியதும் ஊரே வந்துவிட்டது. மாதம்மாள் தன் மகன் காத்தானைக் கம்பளியில் சுருட்டித் தூக்கி வந்திருந்தாள். நாலு வயசுப் பையன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் தூக்கிப் போட்டு, வயிறு மட்டும் பானையாக இருந்தான். "ஆத்தா மூஞ்சியப் பாத்தா போதும், அப்பறம் அந்தக் கசப்பு மாத்திரையக் குடுக்கறேனுங்க" என்று இன்ஸ்பெக்டரிடம் முன்பே ஒப்புக்கொண்டிருந்தாள்.

மாமா தலைப்பாகையை அவிழ்த்தார். படத்தைக் கையில் எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் கை அதைக் கவிழ்த்தது, மறுபடி நிமிர்த்தியது, மறுபடி கவிழ்த்தது. கடைசியில் நேராகவே செருகிவிட்டார்.

திரையில் காளியாத்தா தலை கீழே, கால் மேலே தொங்கினாள். நாக்கு வானத்தைப் பார்த்து நீண்டிருந்தது. சிங்கம் மல்லாந்து நாலு காலையும் தூக்கிக்கொண்டு, வெயிலில் புரளும் நாய் மாதிரி கிடந்தது. களத்தில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. அந்த அமைதியில் நான் சிரித்துவிட்டேன். சிங்கத்தைப் பார்த்துத்தான். ஆனால் சிரிப்பு யாரைப் பார்த்து வந்தது என்று இருட்டில் யாருக்குத் தெரியும்?

"செங்கோடா, திருப்பு" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒரு கண்ணாடியத் திருப்பி வெக்கறதுக்கு என்னய்யா?"

"ஆத்தாவக் கவுத்து வெக்கக் கை வர்லீங்க" என்றார் மாமா. விளக்கை ஊதி அணைத்துவிட்டார்.

விளக்கு மறுபடி எரிவதற்குள் களம் காலியாகிவிட்டது. மாதம்மாள் பையனைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போயிருந்தாள். ஆத்தா தலையைத் திருப்பிக்கொண்டாள், இனி இந்த மாத்திரையைத் தொட்டால் பிள்ளை தங்காது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாளாம்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் மாதம்மாள் கதவைத் தட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. அரியூர் நாட்டில் அவருக்காகக் காத்திருந்தார்கள். மாத்திரைப் பொட்டலத்தை மாமாவிடம் கொடுத்து, "உன்னால கெட்டது, நீயே பேசிப் பாரு. பெட்டிய எடுத்துக்கிட்டுப் பின்னால வா" என்று சொல்லிவிட்டுத் திரையைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

மாமா கஞ்சியைத் தொடவில்லை. என்னையும் திட்டவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. திட்டினால் திருப்பி ஏதாவது சொல்லலாம். 

பெட்டியும் படமுமாக மாதம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றோம். உள்ளே பையனுக்குப் பல் கிடுகிடுக்கும் சத்தம் கேட்டது. அன்று அவனுக்குக் குளிர் வரும் நாள்.

"தங்கச்சி, ஆத்தா கவுந்தது அவ இஷ்டமில்ல. எங் கைக் குத்தம்."

"கைக் குத்தம்னா போன வருசம் யானை நேரா நின்னுச்சே, அண்ணே? ரயிலு நேரா ஓடுச்சே? சாமி மட்டும் எதுக்குக் கவுந்துச்சு?" கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டாள்.

"யானைய நாந்தான் தலைகீழா வெச்சேன்."

"தலைகீழா வெச்சா நேரா நிக்குமா? புள்ளைக்கு உசுரு இழுக்கறப்ப வந்து வெளையாடறயா?"

நீ சொல்லு என்பது போல மாமா என்னைப் பார்த்தார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். வாத்தியார் நாற்காலியில் பலாப்பால் தடவிய காரணத்தால் நாலாம் வகுப்பு எனக்கு வாய்க்கவில்லை. வெளிச்சம் ஏன் குட்டிக்கரணம் போடுகிறது என்பது நாலாம் வகுப்பில் இருந்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. மாதம்மாளின் கண் வீங்கியிருந்தது. "எம் முன்னால ஆத்தாவ நேரா நிக்க வை. நின்னான்னா மாத்திரை குடுக்கறேன். இல்லீன்னா அந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஊர விட்டே போயிரு."

அவள் வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திக் கூரை இடுக்கில் சாக்கைச் செருகியதும் பகலிலேயே இருட்டாகிவிட்டது. உரலைக் கவிழ்த்துப் பெட்டியை அதன்மேல் வைத்து விளக்கேற்றினோம். திரை இன்ஸ்பெக்டரோடு போய்விட்டது. மாமா இடுப்பு வேட்டியை அவிழ்த்து எதிர்ச் சுவரில் கட்டினார். கோவணத்தோடு நின்று கண்ணாடியைக் கையில் எடுத்தார். மறுபடி கவிழ்த்தார், நிமிர்த்தினார்.

"குடுங்க மாமா, நான் வெக்கறேன்" என்றேன்.

"வேண்டாம் மாப்ள. தப்புப் பண்ணுனது நானு. நீ கவுத்து வெச்சீன்னா அந்தப் பாவம் உன்ர தலைல ஏறும். கல்யாணம் காச்சின்னு இன்னும் எத்தன கெடக்குது உனக்கு."

 அழுகை வரவேண்டிய நேரத்தில் என் வாயிலிருந்து கேலிதான் வரும். "அப்பறம் என்ன மாமா, ஆத்தாவத் தலைகீழா வெக்கக் கஷ்டமா இருந்தா நீங்க தலைகீழா நின்னுக்கங்க. உங்க கண்ணுக்கு அவ நேராத்தான இருப்பா" என்றேன்.

மாதம்மாள் என்னை முறைத்தாள். மாமா முறைக்கவில்லை. மேலே பரண் கட்டையைப் பார்த்தார். "கட்டை தாங்குமா, தங்கச்சி?" என்று கேட்டார்.

நாற்பது வயசு மனிதர். மூட்டை சுமந்து முதுகு வளைந்தவர். பரண் கட்டையில் முழங்காலை மாட்டி வௌவாலாகத் தொங்கினார். நான் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். முகமெல்லாம் ரத்தம் இறங்கிச் சிவந்தது. சிமினியின் அனல் புருவத்தில் பட்டு முடி பொசுங்கும் வாடை வந்தது. விளையாட்டுக்குச் சொன்னேன், இறங்குங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஆத்தாவைக் கண்ணில் ஒற்றி, தன் கண்ணுக்கு நேராக வைத்து, மெல்லச் செருகிவிட்டார்.

வேட்டியில் காளியாத்தா நிமிர்ந்து நின்றாள். சிங்கமும் நாலு காலில் நின்றது.

மாதம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். காத்தான் ஆத்தாவைப் பார்க்கவே இல்லை. கோவணத்தோடு தலைகீழாகத் தொங்கும் செங்கோடனைத்தான் பார்த்தான். குளிரில் கிட்டிய வாய் மெதுவாகத் திறந்தது. பிறகு சிரித்தான். சிரித்த வாயில் அவன் அம்மா மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். விழுங்கினதற்குப் பிறகுதான் கசப்பு தெரிந்து கத்தினான்.

சூட்டில் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்று மாமா தொங்கியபடியே படத்தை எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் இறங்கினார். வெளியே வந்து வேட்டியைக் கட்டும்போது கேட்டேன்.

"இப்பச் சரிதானுங்க மாமா?"

"அவளுக்குச் சரியா நின்னா. எனக்குக் கவுந்துதான் தெரிஞ்சா, மாப்ள."

நான் அதை யோசிக்கவே இல்லை. தலைகீழாகத் தொங்குகிறவனுக்குக் கண்ணாடியில் இருக்கிற ஆத்தா நேர், திரையில் நிற்கிற ஆத்தா தலைகீழ். "இறங்கி வந்து இன்னொருக்காப் பாத்திருக்கலாமுல்லீங்க?" என்றேன்.

"எனக்கு அப்படித்தான் காட்டுவா. செஞ்சது அப்படி" என்றார்.

மாத்திரை தொடர்ந்தது. காத்தானுக்குக் குளிர் விட்டது. இப்போது எங்கள் கொய்யா மரத்தில்தான் குடியிருக்கிறான். மாமாவுக்கு மட்டும் மனசு தெளியவில்லை. அடுத்தடுத்த ஊர்களில் காளியாத்தா படத்தை இன்ஸ்பெக்டரே செருகினார். அது திரையில் இருக்கும்வரை மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு திரி சீவுவார், இல்லாத கரியைத் துடைப்பார். பொசுங்கிய புருவம் பாதி முளைத்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கும். நான் வேறெங்கோ பார்த்துக்கொள்வேன்.

எடப்புளி நாட்டில் கடைசி ஆட்டம். பெட்டியோடு நானும் போயிருந்தேன். காளியாத்தா திரையில் வந்தாள், ஜனம் கும்பிட்டது, மாமா முதுகைக் காட்டி நின்றார். நான் இருட்டில் கையை நீட்டிப் பித்தளைக் குழலைப் பிடித்து முன்னால் ஒரு இழு இழுத்தேன்.

ஆத்தா கலங்கிப்போனாள். முகம் இல்லை, நாக்கு இல்லை, சிவப்பாக ஒரு மேகம். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"மாமா, படம் மங்குதுங்க."

"சுருட்டான்னு பாரு."

"எவனும் புடிக்கல."

"திரி?"

"நீங்கதானே இப்பச் சீவுனீங்க."

மாமாவால் இதற்கு மேல் தாங்க முடியாது. மங்கிய படத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிற மனிதர் அல்ல அவர். சட்டென்று திரும்பினார், குழலைப் பிடித்தார், திரையைப் பார்த்துக்கொண்டே மெல்ல உள்ளே தள்ளினார். மேகத்துக்குள்ளிருந்து முதலில் சிங்கத்தின் கால் வந்தது. அப்புறம் சேலை. அப்புறம் நாக்கு. கடைசியில் கண். அவர் கையாலேயே ஆத்தா தெளிந்து, அவருக்கு நேராக நிமிர்ந்து நின்றாள்.

குழல் சுடும். மாமா கையை எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அடுத்த படத்தை நீட்டினார், வாங்கவில்லை. திரும்பாமலே கேட்டார்.

"கொழல எவன்டா இழுத்தது?"

"எனக்கென்னங்க தெரியும்" என்றேன்.

அவர் கை என் தலையை எட்டிப் பிடித்தது. குட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குட்டவில்லை.