எட்டடி நடை

எட்டு வயதில் நான் மாப்பிள்ளையின் தாயாராக வேலை பார்த்தேன். சம்பளம் நாளைக்கு இரண்டு தேன்மிட்டாய்.

பெரிய கஷ்டமான வேலை இல்லை. கூடத்தில் அப்பாவின் நாற்காலியில், துண்டை முந்தானை மாதிரி போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். உள் அறையிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வந்து வாசற்படியில் நிற்பாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்பேன். அங்கிருந்து ஜன்னல்வரை எட்டு அடி. அவள் நடந்து முடித்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். "தெரியுது" அல்லது "தெரியல."

விஷயம் அத்தையின் இடது கால். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன கால். வீட்டில் சுவரைப் பிடித்து நடப்பாள். சுவர் இல்லாத இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் இதெல்லாம் படக்கூடாது என்பது அப்பாவின் ஏற்பாடு. அவர்கள் வருவதற்குள் அத்தையைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, காபித் தட்டை அம்மாவே எடுத்துப் போவாள். அப்படியும் ஒரு மாப்பிள்ளையின் தாயார் விடவில்லை. கொஞ்சம் நடந்து காட்டும்மா என்று கேட்டே விட்டாள். அத்தை மூன்றாவது அடியில் சாய்ந்துபோய்ச் சுவரைப் பிடித்தாள். வந்தவர்கள் பஜ்ஜியைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பயிற்சியும் என் உத்தியோகமும் தொடங்கின. புடவையை ஒரு விரல் தாழ்த்திக் கட்ட வேண்டும். கொசுவத்தைப் பிடிப்பது போல இடது கையால் தொடையை அழுத்திக்கொள்ள வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே சீராக எட்டு அடி. நான் கறாரான மாமியார். இரண்டு மாதம் "தெரியுது, தெரியுது" என்றே சொல்லிவந்தேன். பிறகு ஒரு நாள், நிஜமாகவே, தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எஸ்.டி.டி. பூத் விவகாரம் வந்தது. தேரடித் தெருவில் பூத் வைத்திருந்தவர் இரண்டு கால்களிலும் இரும்புப் பட்டை போட்டவர். பெங்களூரில் இருந்த பெரியப்பாவுக்குப் போன் போட ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் அங்கே போவோம். ஒரு முறை அம்மா அவரிடம் மெதுவாக அத்தையைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தாள். அவர் ஒரு போன்கூட எடுக்காமல் அரைமணி நேரம் விளக்கினார். ஊனமுற்றோர் அடையாள அட்டை என்று ஒன்று இருக்கிறதாம். அது இருந்தால் பூத்துக்கு மனுப் போடலாம், முன்னுரிமை உண்டு, பிளஸ் டூ படிப்பே தாராளம். முன்பெல்லாம் இதற்கு வேலூருக்கு ஓட வேண்டும். இப்போது நம் ஊரே மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது, அடுத்த புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் வந்து முகாம் போடுகிறார்கள் என்றார்.

"ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மூணு போட்டோ எடுத்துக்கினு காலையிலயே போயிடுங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்" என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அத்தைக்குப் பூத் பிடித்துவிட்டது. கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி, பௌர்ணமியானால் கிரிவலம் வந்த ஜனமெல்லாம் வீட்டுக்குத் தகவல் சொல்ல வரிசையில் நிற்கும் நிற்பு. காய் நறுக்கும்போது வெண்டைக்காயை எடுத்துக் காதில் வைத்து "ஹலோ" சொல்லிப் பார்த்தாள். நானே சாட்சி.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஊனம் என்று சர்க்காரே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் எந்த மாப்பிள்ளை வருவான் என்றார். அத்தை அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"எனக்கு மாப்பிள்ளயே வேணாம்னு சொல்லலண்ணா. பூத்து மொதல்ல வரட்டும்."

அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

முகாமுக்கு அத்தை அரக்கு நிறப் பட்டுப்புடவையில் வந்தாள். பெரிய மனிதர்கள் முன்னால் போய் நிற்கும்போது நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மா தலை நிறையக் கனகாம்பரம் வேறு வைத்துவிட்டாள். பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். அத்தை மாதிரி இத்தனை பேர் நம் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கோல் ஊன்றியவர்கள், தங்கள் அப்பா முதுகில் ஏறி வந்தவர்கள், உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தவர்கள். பட்டுப்புடவையில் வந்தது நாங்கள் மட்டும்தான்.

வகுப்பறைக்குள் கூப்பிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டாக்டர் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு, தலையைத் தூக்காமலே, "கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்றார்.

அச்சு அசலாக என் வசனம். அத்தையின் இடது கை தானாகக் கொசுவத்துக்குப் போனதை நான் பார்த்தேன். மூச்சை இழுத்தாள். மேஜையிலிருந்து ஜன்னல்வரை, ஒரே சீராக, எட்டு அடி. அவ்வளவு அழகாக அவள் வீட்டில்கூட நடந்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "தெரியல அத்த, தெரியவே இல்ல" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். நன்றாகத்தானே நடக்கிறார்கள், நாற்பது சதவீதம் இருந்தால்தான் அட்டை, இது வருமா என்று தெரியவில்லையே என்றார். சரி, வாங்க, காலைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டார்.

அத்தை வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். பெண் பார்ப்பதில் திரும்பி வரும் பாகம் கிடையாது. எட்டு அடிக்கு மேல் நாங்கள் பயிற்சி எடுத்ததே இல்லை. நெற்றியெல்லாம் வியர்த்து, பூத் கையை விட்டுப் போய்விட்டது என்பது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அப்பா எழுந்தார். வெளி மனிதர்களிடம் தங்கையின் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர். இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இப்படி நடக்கக் கத்துக் குடுத்ததே நாங்கதான் சார். பொண்ணு பார்க்க வர்றவங்களுக்காக. அதப் பார்த்து எழுதிடாதீங்க."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். "வீட்ல நடக்கிற மாதிரி வாம்மா" என்றார்.

அம்மா என் முதுகில் தட்டினாள். நான் ஓடிப்போய் அத்தையின் பக்கத்தில் நின்றேன். அவள் என் தோளில் கை வைத்தாள். அதே எட்டு அடி, திரும்பி வந்தோம். ஒவ்வொரு அடிக்கும் அவள் உடம்பு சாய்ந்து சாய்ந்து எழுந்தது. தெரியுது என்று சொல்ல வாய்வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, நாடாவால் அளந்து, ரொம்ப நேரம் எழுதினார். கடைசியில் அட்டைக்கான சீட்டைக் கொடுத்தார்.

எனக்கு ஒரே கோபம். அழகாக நடந்தபோது எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். கண்றாவியாக நடந்ததும் சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். அப்பா ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டார். அத்தை வேண்டாம், நடந்தே போகலாம் என்றாள். பட்டப்பகலில், பட்டுப்புடவையும் கனகாம்பரமுமாக, தேரடித் தெரு முழுக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்து, பூத்துக்காரரிடம் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருஷம் கிரிவலப் பாதையில் அவளுக்கும் ஒரு பூத் வந்தது. வெண்டைக்காயில் பேசிப் பழகிய அதே "ஹலோ"தான் அங்கேயும்.

முகாமுக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் நான் துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தேன். அத்தை வரவில்லை. என் உத்தியோகம் அத்தோடு போயிற்று. போதாக்குறைக்குத் தோள் வேறு வலித்தது. நேற்றுவரை இப்படி வலித்ததில்லை, இன்றைக்கு அத்தை ரொம்ப அழுத்திவிட்டாள் என்று அம்மாவிடம் புகார் செய்தேன். அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள். அலைச்சலில் களைத்துப்போய் அழுத்தியிருப்பாள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். அதற்கு முன்பெல்லாம் அவள் வீட்டுக்குள்ளேகூட, என் தோளில்கூட, பாரத்தை வைக்காமல் வெறுங்கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.